ஜிலிப்சி திருந்தியது, என் நிரல் நின்றது

பத்து வருடத்துக்கும் மேலாக லினக்ஸில் சி நிரல்கள் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஜிலிப்சி (glibc), அதாவது சி நிரல்கள் அழைக்கும் அடிப்படைச் செயல்பாடுகளைத் தரும் க்னூ நூலகம். அதோடு பழகியதில் ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வளர்ந்துகொண்டே போகும் லாக் கோப்பை, வரி வரியாகப் படிக்கும் எஃப்கெட்ஸ் (fgets) செயல்பாட்டை வைத்துப் படிக்கும் சின்ன நிரல் ஒன்று வைத்திருந்தேன். கோப்பு முடிந்தால் ஒரு விநாடி தூங்கும், எழுந்து மறுபடி படிக்கும். வருடக்கணக்கில் ஓடியது. ஜிலிப்சி 2.28க்கு மாறியதும் புது வரிகள் வருவது நின்றுவிட்டது. கோப்பு வளர்கிறது, நிரல் அசையவில்லை. நிரல் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸில் (strace) பார்த்தால் ரீட் அழைப்பே போகவில்லை. இரண்டு நாள் என் லூப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

விடை வெளியீட்டுக் குறிப்பிலேயே இருந்தது. ஒரு ஸ்ட்ரீமில் (நிரல் படிக்கத் திறந்துவைத்த கோப்பில் அல்லது உள்ளீட்டில்) ‘கோப்பு முடிந்தது’ என்ற கொடி ஏறிவிட்டால், அதை இறக்கும்வரை அடுத்தடுத்த வாசிப்புகளும் ‘முடிந்தது’ என்றே சொல்ல வேண்டும். சி மொழியின் 1999 தரமான சி99 கேட்பது அது. ஜிலிப்சி நெடுங்காலம் அப்படி நடக்கவில்லை. 2018 ஆகஸ்டில் வந்த பதிப்பில் திருத்தினார்கள். தூங்கி எழுந்ததும் அந்தக் கொடியை இறக்கும் கிளியர்எர்ரை (clearerr) அழைக்கும் ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. தப்பு என் பக்கம்தான். பழைய நடத்தையால் எஃப்ரீட் (fread) வைத்துப் படிக்கும் லூப்பில், உள்ளீடு முடிந்தது என்று சொல்ல டெர்மினலில் கண்ட்ரோல்-டியை இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்ததே, அதுவும் இதே பிழைதான். திருத்தியது சரியே என்று உறுதியாக நினைக்கிறேன்.

பழையதை நம்பியவர்களைக் கைவிடாமல் மாற்றிய இடங்களும் உண்டு. ஒன்றின்மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளுக்கு, நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பியைப் (memcpy) பயன்படுத்தத் தரம் எப்போதுமே அனுமதித்ததில்லை. வேகத்துக்காக நகலெடுக்கும் திசை மாறியபோது அந்தத் தப்பைச் செய்திருந்த நிரல்கள் தடுமாறின. எக்ஸ்86-64இல் (64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில்) ஜிலிப்சி 2.14 பதிப்பு மெம்காப்பிக்குப் புதிய சிம்பல் வெர்ஷன் ஒன்றைக் கொடுத்தது, அதாவது ஒரே பெயரில் பழையதும் புதியதும் தனித்தனியாக இருக்கும். ஏற்கெனவே கம்பைல் ஆன பழைய பைனரிகளுக்கு, படியும் பகுதிகளையும் சரியாக நகலெடுக்கும் மெம்மூவின் (memmove) நடத்தையே கிடைக்கும்படி விட்டது. இந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிழை எண்ணைச் செய்தியாக மாற்றும் ஸ்ட்ரெரர்_ஆர் (strerror_r) விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை அமைப்புகளின் பொதுத் தரம்) வடிவம் இண்ட், அதாவது முழு எண் தரும், ஜிலிப்சியின் சொந்த க்னூ வடிவம் செய்தியைக் காட்டும் சுட்டியைத் தரும், பெயர் ஒன்றுதான். எது கிடைக்கும் என்பதை, கம்பைல் செய்யும்போது வைக்கும் ஒரு மேக்ரோ முடிவு செய்கிறது. சி++ கம்பைலரான ஜி++ அந்த மேக்ரோவைத் தானாகவே வைத்துவிடும். ஜிலிப்சிக்கு மாற்றான மஸ்ல் (musl) நூலகத்தில் போசிக்ஸ் வடிவம் மட்டுமே. அதனால் இப்போதெல்லாம் எதை எழுதினாலும் மஸ்லிலும் ஒரு தடவை கம்பைல் செய்துவிடுகிறேன். சுட்டியை எதிர்பார்த்து எழுதிய வரி அங்கேயே பிடிபட்டுவிடுகிறது.