விடுதலைப் பத்திரமா, சம்மத மனுவா, வழக்கா: பிள்ளையின் பக்கம் நின்று ஓர் ஒப்பீடு

திருநெல்வேலிச் சீமையில் ஒரு திருமணம் முறியும்போது குடும்பத்தார் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் விடுதலைப் பத்திரம் ஒன்று. கணவனும் மனைவியும் சேர்ந்து குடும்பநல நீதிமன்றத்தில் கொடுக்கும் பரஸ்பர சம்மத மனு மற்றொன்று. ஒருவர் மட்டும் காரணம் காட்டித் தொடுக்கும் விவாகரத்து வழக்கு மூன்றாவது. எது சீக்கிரம் முடியும், எதில் செலவு குறையும் என்ற கணக்கில்தான் இவை எடைபோடப்படுகின்றன. பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கு போதாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு வழியும் பிள்ளைக்கு எதை எழுத்தில் விட்டுச்செல்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

விடுதலைப் பத்திரத்தின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஒரே நாளில் பேச்சு முடிந்துவிடும். போட்ட நகை பவுன் கணக்கில் எண்ணித் திருப்பித் தரப்படும். சீராக வந்த பாத்திரமும் கட்டிலும் வண்டியேறிவிடும். நான் படித்துப் பார்த்த பத்திரங்களில் நகைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பிள்ளைக்கு ஒரே வரிதான் இருந்தது. “குழந்தையைத் தாயே வைத்துக்கொள்வது, பிற்காலத்தில் செலவுக்கு யாதொரு பாத்தியமும் கோருவதில்லை” என்ற அந்த வரியில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண் கையெழுத்து வைத்திருந்ததைக் கண்டபோது மனம் கனத்தது. பிள்ளையின் ஜீவனாம்ச உரிமை பிள்ளைக்கே உரியது. தாய் எழுதிக் கொடுத்ததால் அது அழிந்துவிடாது. ஆயினும் அந்த வரியை நம்பியே பல தாய்மார் ஆண்டுக்கணக்கில் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள்.

அந்தப் பத்திரத்தால் திருமணம் முறிந்துவிட்டது என்று கொள்வதும் ஆபத்தானது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தில் வழிவழியாக வரும் விவாகரத்து வழக்காற்றைக் காப்பாற்றுவது உண்மையே. ஆனால் அப்படியொரு வழக்காறு தொன்றுதொட்டு இருந்து வருகிறது என்பதை, அதைச் சொல்பவரே நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாமல் போனால், பத்திரத்தை நம்பிச் செய்துகொண்ட மறுமணம் செல்லாததாகிவிடுவதோடு, குற்ற வழக்குக்கும் இடம் கொடுக்கும்.

பரஸ்பர சம்மத மனுவுக்கு அதே இந்துத் திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு வழி தருகிறது. இருவரும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு கொடுத்த ஆறு மாதத்துக்குப் பின், பதினெட்டு மாதத்துக்குள் மீண்டும் வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த நேர்வுகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்றும், காணொளி வாயிலாக விசாரிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் சொன்னது, கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். (பாளையங்கோட்டைப் பக்கம் மிகுதியாக உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் பொருந்தும், அதன் 10ஏ பிரிவின் வாசகம் இரண்டாண்டுப் பிரிவைக் கேட்கிறது.) தீர்ப்பு வரும்வரை ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது இவ்வழியின் பலவீனம், ஆகவே நகையும் பணமும் எந்தத் தேதியில் கைமாறும் என்பது மனுவிலேயே இருக்க வேண்டும்.

இந்த வழியின் மிகப் பெரிய பலம், பிள்ளையைப் பற்றி வேண்டிய அளவு விரிவாக எழுதிக்கொள்ள முடிவதுதான். மாதத் தொகை எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு கூடும், பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு, கோடை விடுமுறையில் எத்தனை நாள் தந்தையுடன், பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு யார் அழைத்துச் செல்வது, ஊர்க் கோயில் கொடைவிழாவுக்கு அப்பா வழி ஆச்சி வீட்டில் தங்கலாமா என்பதுவரை எழுதலாம். சிறு விஷயங்களாகத் தோன்றும் இவற்றில்தான் பின்னாளில் சண்டை மூளுகிறது. ஊர்ப் பெரியவர்களின் பேச்சுத் திறனுக்கு உரிய இடமும் இதுவே: அவர்கள் பேசி முடித்ததை முத்திரைத்தாளோடு நிறுத்தாமல் மனுவின் நிபந்தனைகளாக்க வேண்டும்.

ஒருவர் மட்டும் தொடுக்கும் வழக்கு நீளும். கொடுமை, இரண்டாண்டுக் கைவிடல் போன்ற காரணங்களைச் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும். அடி உதை இருக்கும் வீட்டிலும், கணவர் எதற்கும் இசையாத வீட்டிலும் வேறு வழியில்லை. வழக்கு நடக்கும்போதே இந்துத் திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும், 26ஆம் பிரிவில் பிள்ளையின் பொறுப்பு, படிப்பு, பராமரிப்பு குறித்த உத்தரவும் கேட்கலாம். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் நிலை. அதற்கு மேற்பட்ட வயதில் தாயின் உரிமையோ தந்தையின் உரிமையோ அல்ல, பிள்ளையின் நலனே முடிவுசெய்யும்.

விவாகரத்து வேண்டுமா என்றே தெளிவில்லாத பெண்ணுக்கு நான் சொல்வது, இம்மூன்றில் எதையும் அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாகியுள்ள ஏற்பாட்டின்படி, திருமணத்தை முறிக்காமலே தனக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம். இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. தொகை வராமல் நின்றால், நின்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூலுக்கு மனுக் கொடுத்துவிட வேண்டும்.

செலவுக்குப் பயந்தே பலர் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். நேரில் போக இயலாதவர்கள் 15100 என்ற எண்ணில் பேசலாம். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு பேச்சு நடந்துவிட வேண்டும்.