குனார்ட் கப்பல்களின் சதுரத் தேநீர்க்குடுவை: வாங்கிப் பார்த்த பிறகு ஒரு மதிப்பீடு

தேநீர்க்குடுவை என்றதும் உப்பிய வயிறும், நீண்ட மூக்கும், காதுபோல வளைந்த கைப்பிடியும்தான் கண்முன் வரும். நான் வாங்கியிருக்கும் குடுவைக்கு இவை மூன்றுமே இல்லை. பகடைக்காய் ஒன்றைப் பெரிதாக்கி வைத்தது போல ஆறு பக்கமும் ஏறத்தாழச் சமமாக அது மேசையில் உட்கார்ந்திருக்கிறது. ஊற்றும் வாய் மேல்மூலை ஒன்றில் உள்வாங்கிய சிறு வெட்டுக்குள் ஒளிந்திருக்கிறது; அதற்கு எதிர்மூலையைக் குடைந்து விரல் நுழைய இடம் விட்டிருக்கிறார்கள், கைப்பிடி அவ்வளவுதான்; மூடியோ மேல்தளத்துக்குச் சமமாக அமிழ்ந்து கிடக்கிறது. இதே வடிவில் பால்குவளை ஒன்றும் சர்க்கரைக் கிண்ணம் ஒன்றும் சேர்ந்த மூன்றுருப்படித் தொகுப்பு இது. வெண்ணெய் நிறப் போன் சைனா (எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான்), விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடுகள், அடியில் ‘ஃபோலி’ என்ற உற்பத்தியாளர் முத்திரையும் ‘குனார்ட் ஒயிட் ஸ்டார்’ என்ற கப்பல் நிறுவனத்தின் பெயரும். பழைய கப்பல் பொருள்களை மட்டுமே இணையத்தில் விற்கும் ஒருவரிடமிருந்து வாங்கினேன். பொருள், அதை விற்றவரின் விவரிப்பு இரண்டையும் பற்றி எழுதத்தான் இது; இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் தர முடியவில்லை.

இந்த விசித்திரமான வடிவம் அலங்காரத்துக்காகப் பிறந்ததன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் ராபர்ட் கிராஃபோர்ட் ஜான்சன் என்ற ஆங்கிலேயர் இந்த அமைப்பைப் பதிவு செய்தார். 1920-இல் உற்பத்தி தொடங்கியது. பின்னர் லெஸ்டர் நகரில் இதற்கென்றே ஒரு நிறுவனம் அமைந்து, பல பீங்கான் ஆலைகளுக்குச் செய்யும் உரிமையை வழங்கியது. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பகுதியில் ஃபென்டனில் இயங்கிய இ. பிரெய்ன் நிறுவனம்தான் ஃபோலி என்ற பெயரில் இதைப் போன் சைனாவில் செய்தது. உணவு விடுதிகளில் முதலில் உடைவது குடுவையின் மூக்கு, அடுத்தது கைப்பிடி, அதற்கடுத்தது மூடியின் குமிழ் என்பது பாத்திரம் கழுவும் எவருக்கும் தெரியும். நீட்டிக்கொண்டிருப்பவை எல்லாவற்றையும் உடலுக்குள் இழுத்துவிட்டால் உடைவதற்கு என்ன மிச்சம்? ஜான்சனின் யோசனை அவ்வளவு எளியது. கப்பலுக்கு அது இன்னும் பொருந்தியது. வடக்கு அட்லாண்டிக்கில் கப்பல் பக்கவாட்டில் உருளும்போது, பாத்திரம் நழுவி விழாமலிருக்க மேசையின் விளிம்பில் தடுப்புச் சட்டங்களை உயர்த்தி வைப்பது வழக்கம். அப்படிப்பட்ட மேசையில் அகன்ற தட்டையான அடியோடு நிற்கும் பாத்திரம் எளிதில் சாயாது. அலமாரியிலும் இடைவெளியின்றி அடுக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாகவும் வைக்கலாம். ஆயிரக்கணக்கான பயணிகளுக்கு நாள்தோறும் தேநீர் போன கப்பலில் இடமிச்சம் சிறு விஷயமன்று.

சரி, தேநீர்க்குடுவையாக இது எப்படி? ஒரே ஒரு முறை ஊற்றிப் பார்த்தேன். அந்தக் காலத்து விளம்பரங்கள் சொட்டாது என்று சொன்னது உண்மை: ஊற்றி நிறுத்தியதும் வாயிலிருந்து ஒரு துளிகூட மேசைத்துணியில் விழவில்லை, என் புதிய குடுவைகள் எதுவும் செய்யாத காரியம் அது. ஆனால் கைப்பிடியை உடலுக்குள் இழுத்துக்கொண்டதற்கு விரல்கள் விலை கொடுக்கின்றன. குடைந்த இடத்துக்குள் இரண்டு விரல் நுழைந்ததும் மூட்டுகள் கொதிக்கும் சுவரில் உரசுகின்றன. இரண்டாவது கோப்பைக்கு நான் துணி சுற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. கடைசி இரண்டு மிடறு தேநீர், எவ்வளவு சாய்த்தாலும் உள்மூலையில் தங்கிவிடுகிறது. கழுவும்போது அந்த மூலைகளுக்குள் விரலும் எட்டாது, பஞ்சும் எட்டாது. பாட்டில் கழுவும் தூரிகைதான் கதி. அந்த ஒரு முறைக்குப் பிறகு நான் அதில் தேநீர் போடவில்லை. காரணம் சூடு மட்டுமன்று. பழைய பீங்கானின் மேற்பூச்சிலும் வண்ணங்களிலும் ஈயம் கலந்திருப்பது சாதாரணம். மெருகு தேய்ந்தோ வெடித்தோ இருந்தால் புளிப்பான, சூடான பானத்தில் அது கசிய வாய்ப்பு கூடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் இவற்றை வைக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. பொன்கோடு போட்ட கோப்பைகளுக்கு முதல் இயந்திரக் கழுவலே ஆயுளைக் குறைத்துவிடும்.

இனி விற்றவரின் விவரிப்புக்கு வருவோம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ‘குயின் மேரி கப்பலில் பயன்பட்டது’ என்று போட்டிருந்தார். குயின் மேரி 1936 மே 27 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து முதல் பயணம் புறப்பட்டு, 1967-இல் ஓய்வுபெற்று, கலிபோர்னியாவின் லாங் பீச்சில் இன்றும் நிற்கும் கப்பல். பெயரைக் கேட்டதும் வாங்குபவர் மனம் இளகும் என்பது விற்பவருக்குத் தெரியும். ஆனால் குடுவையின் அடியில் எந்தக் கப்பலின் பெயரும் இல்லை. குனார்ட், ஒயிட் ஸ்டார் என்ற இரண்டு கப்பல் நிறுவனங்களும் 1934-இல் இணைந்தன. 1949 முடிவோடு ‘ஒயிட் ஸ்டார்’ பெயரிலிருந்து உதிர்ந்தது. ஆகவே அந்த முத்திரை உறுதியாகச் சொல்வது ஒன்றே: இந்தக் குடுவை அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள், அந்த நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டது. அதே ஆண்டுகளில் அதே கொடியின் கீழ் அக்விடேனியா, பிரிட்டானிக், ஜார்ஜிக், 1939-இல் வந்த இரண்டாவது மௌரிடேனியா, போருக்குப் பின் பயணிகள் சேவைக்கு வந்த குயின் எலிசபெத் ஆகியவையும் ஓடின. பாத்திரத்தில் நிறுவனத்தின் பெயரை மட்டும் போட்டால் ஒரு கப்பலின் சரக்கை இன்னொரு கப்பலுக்கு மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? போர்க்காலத்தில் குயின் மேரியைப் படைவீரர்களை ஏற்றும் கப்பலாக மாற்றியபோது, பீங்கானும் கண்ணாடியும் வெள்ளியும் அடங்கிய 220 பெட்டிகளை இறக்கிக் கிடங்கில் வைத்தார்கள். அப்படி இறங்கி ஏறிய சரக்கில் எந்தக் கோப்பை எந்த மேசையில் இருந்தது என்று எவர் சாட்சி சொல்வது? ஆவணத்தோடு வராத கப்பல் பெயருக்கு நான் கூடுதலாக ஒரு காசும் தருவதில்லை. இந்த முறையும் பெயரைக் கழித்துவிட்டு முத்திரைக்கு மட்டும் விலை பேசினேன். அவர் ஒப்புக்கொண்டதிலிருந்தே அந்தப் பெயரின் உறுதி எவ்வளவு என்று புரிந்தது.

பெட்டியைப் பிரித்தபோது பொதிந்திருந்த விதத்தைப் பார்த்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவே நாற்புறமும் நான்கு விரற்கடை பஞ்சு, மூடியைத் தனியே சுற்றி, குடுவையின் வயிற்றுக்குள்ளும் காகிதம் திணித்திருந்தார். பலர் மூடியைக் குடுவையிலேயே மூடி ஒட்டுப்பட்டை போட்டு அனுப்பி, வழியெல்லாம் அதை முட்டவிட்டு, பொன்கோட்டையும் பட்டையோடு பிய்த்தெடுக்க வைப்பார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை இரவில் தெரிந்தது. எந்தப் பீங்கானையும் முதலில் உள்ளங்கையில் ஏந்தி நகத்தால் சுண்டிப் பார்ப்பேன். நல்ல போன் சைனா சிறு மணிபோல ஒலிக்கும், மயிரிழை விரிசல் இருந்தால் ஒலி செத்துவிடும். பால்குவளை ஒலித்தது, கிண்ணம் ஒலித்தது. குடுவை ஒலிக்கவில்லை, ஆனால் கனசதுர உடலும் குடைந்த மூலையும் கொண்ட பாத்திரம் கிண்ணத்தைப் போல ஒலிக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன். பிறகு விளக்கை அணைத்து, உள்ளே ஒரு சிறு டார்ச்சை இறக்கினேன். எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா ஒளியை உள்வாங்கித் தேன் நிறத்தில் சுடர்விடும். குடுவையின் மூன்று பக்கங்கள் அப்படியே சுடர்ந்தன, கைப்பிடி மூலையில் மட்டும் கட்டை விரல் அகலத்துக்கு இருள் திட்டு. புறஊதா விளக்கை வெளியிலிருந்து பிடித்ததும் அதே இடம் சுற்றியுள்ள மெருகோடு சேராமல் வேறு நிறத்தில் வெளுத்துத் தெரிந்தது. எப்போதோ சில்லு பெயர்ந்த மூலையைப் பிசினால் நிரப்பி, வண்ணம் தீட்டி, பளபளப்பு ஏற்றியிருக்கிறார்கள். நகத்தால் தடவினால் அந்த இடம் பீங்கானின் குளிர்ச்சியின்றிச் சற்று மென்மையாக இருந்தது. கைப்பிடி உடையாது என்று பெருமைப்பட்ட வடிவத்தில் அந்த இடமே பழுதாகியிருந்ததை எண்ணிச் சிரிப்பு வந்தது.

விளம்பரத்தில் ‘குறையற்றது’ என்று எழுதியிருந்தார். படங்களோடு கேட்டதற்கு, தனக்கே தெரியாது என்றார். நம்பக்கூடிய பதில்தான், ஆனால் கப்பல் பொருள் மட்டுமே விற்கும் ஒருவர் புறஊதா விளக்கு வைத்திருக்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்வது கடினம். நான்கு கடிதங்களுக்குப் பிறகு விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார். பொதிவுக்கு முழு மதிப்பெண்ணும், விவரிப்புக்குப் பாதிக்கும் குறைவாகவும் தருகிறேன். இதே வகையில் வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன்பே மூன்று படங்களைக் கேளுங்கள்: அடிமுத்திரை நேராக, கைப்பிடி மூலையின் உட்புறம், உள்ளே விளக்கு வைத்த இருட்டுப் படம். மூன்றாவதைக் கேட்டவுடன் பேச்சை மாற்றுபவரிடம் வாங்காதீர்கள்.

முத்திரையைப் பற்றி இன்னொன்று. அடியில் இருக்கும் பெயர் எப்போதும் செய்தவருடையதாக இருக்காது. லிவர்பூலில் கப்பல்களுக்குப் பாத்திரம் வழங்கிய ஸ்டோனியர் நிறுவனத்தின் பெயர், வேறு ஆலைகளில் செய்த தட்டுகளின் அடியிலும் உண்டு. ‘டைட்டானிக்’ என்று பெயர் பொறித்த கோப்பை வந்தால் அதை ஆராயவே வேண்டாம். டைட்டானிக்கை இயக்கிய ஒயிட் ஸ்டார் தன் பாத்திரங்களில் கப்பல் பெயரைப் போடவில்லை, மூன்றாம் வகுப்புத் தட்டில் இருந்தது வெறும் வெள்ளைப் பரப்பின் நடுவே நட்சத்திரம் கொண்ட சிவப்புக் கொடி மட்டுமே. முதல் வகுப்பின் கருநீலமும் பொன்னும் தீட்டிய தட்டுகளைவிட அந்தச் சிவப்புக் கொடித் தட்டின்மீதே எனக்கு மோகம் அதிகம். அடுத்து அதைத்தான் தேடப்போகிறேன்.

தொகுப்பைத் திருப்பி அனுப்பவில்லை. பழுது பார்த்த மூலை சுவரைப் பார்க்கும்படி குடுவையைத் திருப்பி, பால்குவளையை அதன் தலைமேல் ஏற்றி வைத்திருக்கிறேன். கதவை ஓங்கிச் சாத்தினாலும் இரண்டும் அசைவதில்லை.