கடன் கட்டி முடித்தபின்: கார்டா, கடன்கடையா, அடகுக்கடையா?

கடனில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை தரும் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பு வழியாக, பழைய கடனை மாதத் தவணையில் அடைக்கப் போட்ட கடன் நிர்வாகத் திட்டத்தின் கடைசித் தவணை ஜைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) போன மறுமாதமே எங்கள் சலவை இயந்திரம் நின்றுபோனது. புதியது 800 வெள்ளி. ஒரு வங்கியில் சாதாரண கார்டுக்கு மனு போட்டேன், மறுத்துவிட்டார்கள். அதில் ஒரு நன்மை: முடிவு தெரிந்த 30 நாளுக்குள் கேட்டால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் பியூரோ அறிக்கை இலவசம். கேட்டு வாங்கிப் படித்தேன். அப்புறம்தான் கையில் இருந்த வழிகளை எடைபோட்டேன்.

முதலில் உரிமம் பெற்ற கடன்கடை. பழைய கதையைப் பெரிதாகத் துருவ மாட்டார்கள், காசும் சீக்கிரம் வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். சட்டப்படி 10 விழுக்காடு வரை கட்டணம் பிடிக்கலாம், மாத வட்டி 4 விழுக்காடு வரை போகலாம். 800 வெள்ளிக்கு 80 போக கைக்கு வருவது 720. முதல் மாத வட்டி 32. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்தும் அசலைத் தாண்டக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் அதுவும் கிடையாது. அதற்காக இது மலிவு ஆகிவிடாது.

அடகுக்கடையில் வட்டி மாதம் அதிகபட்சம் 1.5 விழுக்காடு. அதே 800க்கு 12 வெள்ளி. மீட்க ஆறு மாத அவகாசம். சம்பளச் சீட்டு, பழைய கடன், எதையும் கேட்பதில்லை; சங்கிலியை உரைத்துப் பார்த்து, எடைபோட்டு, சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். லிட்டில் இந்தியாவின் தேக்காப் பக்கம் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டால் மானம் போகுமே என்று மனைவிக்குக் கவலை, அதனால் அங் மோ கியோ வரை போனோம்! அவசரத்துக்கு இதுதான் என் ஓட்டு. ஆனால் எத்தனை ஒழுங்காக மீட்டாலும் வங்கிகள் பார்க்கும் அறிக்கையில் ஒரு வரிகூட ஏறாது.

அங்கே பெயர் ஏற வேண்டுமென்றால் வைப்புத்தொகையை ஈடாக வைத்து எடுக்கும் கார்டு. வழக்கமாக 10,000 வெள்ளி முடக்க வேண்டும். கடனாளியிடம் அது ஏது என்பீர்கள். நான் தவணைக்குக் கட்டிவந்த 900 வெள்ளியை, திட்டம் முடிந்த பிறகும் இல்லாத காசாகவே நினைத்துத் தனிக்கணக்கில் போட்டேன். ஒரு வருடத்தில் சேர்ந்துவிட்டது. கார்டில் கைப்பேசிக் கட்டணம் மட்டும். முழுத்தொகையும் ஜைரோவில் கழியும். அறிக்கையில் மாதத்துக்கு ஒரு கட்டமாகத் தெரிவது கடைசி 12 மாதத்தின் நடத்தை என்பதால், ஒரு வருடம் பிசகாமல் கட்டினால் அந்தக் கட்டங்கள் புதிதாகிவிடும். திவாலாகி மீண்டவர்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும்: விடுவிப்புக்குப் பிறகும் 5 ஆண்டு அந்தப் பதிவு நிற்கும்.

சங்கிலியை மூன்றாம் மாதமே மீட்டுவிட்டோம். வட்டி 36 வெள்ளி. கார்டில் இப்போது ஏழாவது மாதம் ஓடுகிறது.