அணைக்குள் மூழ்கிய ஊருக்கு ஓர் ஆர்க்கெஸ்ட்ரா: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

தந்தி வாத்திய ஒலிகளைத் தரும் சினிமேட்டிக் ஸ்டூடியோ ஸ்டிரிங்ஸ், இசையைப் பதிவு செய்து தொகுக்கும் ரீப்பர், அந்த இசையை விளையாட்டோடு இணைக்கும் எஃப்மாட் ஸ்டூடியோ ஆகிய மூன்று மென்பொருள்களையும் சில ஆண்டுகளாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். பெங்களூரில் ஒரு சிறிய குழு உருவாக்கிவரும் வீடியோ கேமுக்கு இசையமைப்பது என் வேலை. கதை நடக்கும் இடம் மேட்டூர் நீர்த்தேக்கம். 1934இல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது மூழ்கிப்போன ஊர்களின் எச்சம், நீர்மட்டம் இறங்கும் காலங்களில் பண்ணவாடிப் பக்கம் இன்றும் தலைகாட்டுகிறது: ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி, பழைய தேவாலயத்தின் கோபுரங்கள். எங்கள் விளையாட்டில் ஒரு சிறுமி தன் பாட்டி பிறந்த வீட்டைத் தேடி, வற்றிய ஏரிக்குள் இறங்கி நடக்கிறாள். துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை. பெரும்பாலான நேரம் இசைதான் பேச வேண்டும்.

இந்தக் கருவிகளைப் பற்றி வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் ஒலியின் அழகைப் புகழும். அது பொய்யில்லை. ஆனால் கேமுக்கு எழுதுகிறவருக்கு ஒலியின் அழகு பாதி வேலைதான். மீதிப் பாதியைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஸ்டிரிங்ஸ். 2016இல் வெளிவந்த இந்த சாம்பிள் லைப்ரரி, அதாவது நிஜ வாத்தியங்களைச் சுரம் சுரமாகப் பதிவு செய்து விசைப்பலகையில் வாசிக்கத் தரும் தொகுப்பு, சிட்னியில் உள்ள டிராக்டவுன் அரங்கில் பதிவு செய்யப்பட்டது. இலவசமாகக் கிடைக்கும் காண்டாக்ட் பிளேயர் என்ற மென்பொருளிலேயே ஓடும். வயலின் முதல் டபுள் பாஸ் வரை எல்லாம் ஒரே அரங்கின் காற்றைச் சுவாசிப்பதால், தனித்தனியாக வாங்கிச் சேர்த்தவை போல் ஒட்டாமல் நிற்பதில்லை. இதன் உயிர் விசைகளில் இல்லை, இடது கையில் இருக்கிறது. விசைப்பலகையின் ஓரத்தில் இருக்கும் மாடுலேஷன் சக்கரம் 0 முதல் 127 வரை வாத்தியத்தின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. சிறுமி வறண்ட சேற்றில் முதல் காலடி வைக்கும் இடத்தில் ஒரு செல்லோ வரி வருகிறது. அதில் நீண்ட சுரம் ஒன்றில் சக்கரத்தை முப்பதிலிருந்து எழுபத்தைந்து வரை ஏற்றி, அடுத்த சுரத்துக்கு மாறுவதற்குச் சற்று முன்பே இறக்கத் தொடங்கினேன். வில்லின் நீளம் தீர்ந்துபோவதைப் போன்ற ஒரு தயக்கம் அப்போதுதான் வந்தது. உச்சத்தைச் சுரம் மாறும் புள்ளியிலேயே வைத்தால் அதே வரி ஆர்மோனியம் போல் தட்டையாகிவிடுகிறது. இத்தனைக்கும் சுரங்கள் ஒன்றுகூட மாறவில்லை.

லெகாட்டோதான் இதன் பெருமையும் தொல்லையும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வில்லை எடுக்காமல் போகும் அசைவையே தனியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த அசைவு கேட்டு முடியும்வரை புதிய சுரம் காத்திருக்கும். மென்மையாகத் தட்டினால் 333 மில்லி விநாடி, நடுத்தரமாகத் தட்டினால் 250, பலமாகத் தட்டினால் 100. அதாவது விசையை அழுத்தி மூன்றில் ஒரு விநாடி கழித்து வயலின் பாடும். தாளத்தோடு நேரடியாக வாசிப்பது இயலாத காரியம். ரீப்பரில் ஒவ்வொரு டிராக்கையும் முன்னே தள்ளி வைக்க வசதி உண்டு. ஆனால் தாமதம் மூன்று வகை என்பதால் ஒரே அளவில் தள்ளினால் போதாது. சுரங்களை ஒவ்வொன்றாக இழுத்து வைக்க வேண்டும். தாமதம் குறைந்த ஒரு முறையும் பிற்காலப் பதிப்பில் வந்தது. முதல் வரைவை எழுதும்போது அதையும், இறுதி வடிவத்துக்குப் பழைய முறையையும் பயன்படுத்துகிறேன். பழையதில் இருக்கும் நெகிழ்வு புதியதில் இல்லை. பொறுமை இல்லாதவருக்கு இந்த லைப்ரரியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காற்று வாத்தியங்களுக்கும் கொம்புகளுக்கும் (மேற்கத்திய ஹார்ன்) ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என்ற சாம்பிள் லைப்ரரியின் டிஸ்கவர் பதிப்பு. சுமார் 200 எம்பிதான். லண்டனின் மைடா வேல் ஸ்டூடியோவில் பதிவானது. இவ்வளவு சிறிய கோப்பிலிருந்து இவ்வளவு கண்ணியமான ஒலி வருவது வியப்பு. பின்னணியில் நிற்கும் கொம்புக்கு இது தாராளம். தனியாக முன்னே வந்து பாட வேண்டிய ஓபோ என்ற குழல் வாத்தியத்துக்குப் போதவில்லை.

இனி ராகம். பாட்டி பாடிய தாலாட்டாக நீலாம்பரியைத் தேர்ந்தெடுத்தோம். நீலாம்பரி சங்கராபரணத்திலிருந்து பிறந்த ராகம் என்பதால் மேற்கத்திய மேஜர் ஸ்கேலுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆபத்தும் அங்கேதான். அடியில் கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களை) அடுக்கினால் கேட்க இனிமையாகவே இருக்கும், ஆனால் ராகம் கரைந்துபோகும். அதன் தூக்கம் கமகத்தில், சுரத்தை அசைத்துப் பாடும் விதத்தில் இருக்கிறது, எந்தச் சாம்பிளும் அதைத் தராது. ஆகவே செல்லோவுக்கும் டபுள் பாஸுக்கும் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் கொடுத்து, மெட்டை உயிருள்ள வயலினுக்கு விட்டேன்.

முருகேஷ்பாளையாவில் என் வீட்டுக்கு மேலே எச்.ஏ.எல். விமான நிலையத்தின் விமானங்கள் பறக்கும். அங்கே பதிவு செய்ய வழியில்லை. மல்லேஸ்வரத்தில் வயலின் கற்றுக்கொடுக்கும் மாமி ஒருவரின் வீட்டுக்கு மைக்கை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து கட்டையில் சுருதி வைத்தோம். மேற்கத்திய ஜி அது. செல்லோவின் திறந்த தந்தி ஒன்றும் அதுவே என்பதால் அடித்தளம் தானாக முழங்கும். நான் எழுதிக் கொடுத்திருந்த வரியை ஒருமுறை வாசித்துவிட்டு மாமி நிறுத்தினார்.

"கண்ணா, இந்தக் காந்தாரத்தை இப்படி நேராக நிறுத்தினால் குழந்தை விழித்துக்கொள்ளும்."

மத்யமத்தையும் காந்தாரத்தையும் சேர்த்து மெல்ல அசைத்து இறங்கினார். "இப்போது?" என்று கேட்டார். அடுத்த சுரத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, "இன்னொரு முறை வாசியுங்கள் மாமி" என்றேன். கணினியில் எழுதிய மற்ற எல்லா ஸ்டிரிங்ஸும் இந்த ஒரு வயலினுக்குப் பின்னால் நிற்கும்போது மனிதர்கள் வாசிப்பதாகவே கேட்கின்றன. சாம்பிள்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே யோசனை இது: முன்னே ஒரு நிஜ வாத்தியம் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தாலும் திரைப்படமாக இருந்தால்தான் வேலை முடிந்திருக்கும். கேமில் உணர்ச்சியின் கடிவாளம் விளையாடுகிறவர் கையில். சிறுமி வாசலில் நின்று நிலைப்படியை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கலாம், அல்லது ஓடிப்போய்க் கதவைத் தள்ளலாம். இரண்டுக்கும் இசை பொருந்த வேண்டும். இது புதிய சிக்கல் இல்லை. லூகாஸ்ஆர்ட்ஸில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐமியூஸ் முறை, ஆட்டத்துக்கேற்ப இசையை இடையறாமல் திருப்பும் வேலையை 1991இலேயே செய்து காட்டியது. இன்று அதை எஃப்மாட் போன்ற மென்பொருளில் புரோகிராமர் உதவி அதிகம் இல்லாமலே நானே அமைக்கிறேன்.

எஃப்மாட்டில் நீர்மட்டம் என்று ஒரு பாராமீட்டர், அதாவது மாறும் எண், வைத்தேன். சிறுமி பள்ளத்தில் இறங்க இறங்க அதன் மதிப்பு மாறும். மேலே வயோலாக்கள் மட்டும், கோயில் அருகே செல்லோவும் கொம்பும், வீட்டுத் தெருவில்தான் வயலின். எல்லா அடுக்குகளும் ஒரே நேரத்தில் ஓடும், ஒலி அளவு மட்டும் ஏறி இறங்கும். அடுக்குகள் ஒன்றுக்கொன்று நகராமல் இருக்க வேகத்தை நிமிடத்துக்கு 72 அடி என்று வைத்தேன். கணினி ஒலியை விநாடிக்கு 48,000 துளிகளாக (48 கிலோஹெர்ட்ஸ்) பதிவு செய்கிறது; அந்தக் கணக்கில் நான்கு அடி கொண்ட ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று, துல்லியமாக 1,60,000 துளிகள். 70 என்று வைத்தால் எண் முழுதாக வராது, பார் எல்லையில் வெட்டும் கோப்புகளில் அந்தச் சொச்சம் சேர்ந்துகொண்டே போகும்.

கதவு திறக்கும் கணம்தான் எனக்கு மாதக்கணக்கில் வேலை வைத்தது. அடுத்த பார் தொடங்கும்வரை இசை காத்திருந்து மாறினால், அதிகபட்சம் மூன்றே கால் விநாடிக்கு மேல் ஆகும். கதவு திறந்து, உள்ளே திண்ணை தெரிந்து, அதற்கப்புறம் இசை மாறும். பார்க்கிறவரின் நெஞ்சு அதற்குள் தனியாக நடந்துவிடும். உடனே வெட்டினாலோ லெகாட்டோவின் நடுவில் அறுபடும். கடைசியில் அடுத்த அடியிலேயே மாறும்படி அமைத்து, இடையில் டபுள் பாஸின் நீண்ட சட்ஜம் ஒன்றைத் தாங்கலாக வைத்தேன். முந்தைய இசையின் ரெவெர்ப் (எதிரொலி) எச்சம் அதன் மேல் கரைந்து முடியட்டும் என்று விட்டேன். விளையாடிப் பார்த்த நண்பர்கள் அந்த இடத்தில் கண்ட்ரோலரைக் கீழே வைத்தார்கள். லைப்ரரிக்குச் செலவிட்ட நேரத்தைவிட அந்த ஒரு மாற்றத்துக்குச் செலவிட்டது அதிகம், அதில் எனக்கு முழுத் திருப்தி.

பணக் கணக்கு சுருக்கமாக. ஸ்டிரிங்ஸ் நான் வாங்கியபோது 399 டாலர். ரீப்பர் தனிநபர் உரிமம் 60 டாலர், 60 நாள் முழுமையாகச் சோதிக்கலாம். எஃப்மாட் சிறு குழுக்களுக்கு இலவச உரிமம் தருகிறது. 32 ஜிபி ராமும் ஒரு நல்ல எஸ்எஸ்டியும் இல்லாமல் தொடங்க வேண்டாம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் விசாரித்து வாங்குங்கள். கையில் பணம் இல்லாதவர் டிஸ்கவரையும் எஃப்மாட்டையும் வைத்துக்கொண்டு இன்றே தொடங்கலாம், மாற்றங்களை அமைக்கக் கற்றுக்கொள்ள அவையே போதும்.

ஓபோவுக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. தேவாலயக் கோபுரக் காட்சியில் அது தனியாக நின்று பாட வேண்டும், சாம்பிள் அங்கே மூச்சுவிடத் தெரியாமல் நிற்கிறது. பெங்களூரில் ஓபோ வாசிக்கிறவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். உரிய சன்மானம் உண்டு.