யோகோசுகாவில் நிறுத்துவதா, சான் டியேகோவிலிருந்து அனுப்புவதா?

அமெரிக்கக் கடற்படை தன் போர்க்கப்பல்களை ஜப்பானின் யோகோசுகா போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில் நிலையாக நிறுத்துகிறது. அல்லது சான் டியேகோ போன்ற தாய்நாட்டுத் தளங்களிலிருந்து சில மாதப் பணிக்கு அனுப்பித் திரும்ப அழைக்கிறது. முதல் முறையில் பசிபிக்கைக் கடக்கும் நாட்கள் மிச்சமாகின்றன. நெருக்கடி வந்தால் கப்பல் அருகிலேயே இருக்கும். ஆனால் அந்த மிச்சத்துக்கான விலையைப் பயிற்சியும் பராமரிப்பும் கொடுத்தன. தாய்நாட்டுக் கப்பல்களுக்குப் பழுதுபார்ப்பு, பயிற்சி, பணி என்ற சுழற்சி வகுக்கப்பட்டிருந்தபோது, ஜப்பானில் நின்றவற்றுக்குப் பயிற்சிக்கெனத் தனிக் காலமே ஒதுக்கப்படவில்லை என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2015-லேயே எச்சரித்தது.

2017-இல் யோகோசுகாவைத் தளமாகக் கொண்ட ஃபிட்ஸ்ஜெரால்டு, ஜான் எஸ். மெக்கெய்ன் ஆகிய இரு நாசகாரிக் கப்பல்கள் வணிகக் கப்பல்களுடன் மோதியதில் 17 மாலுமிகள் இறந்தனர். மெக்கெய்ன் 1997 முதலே அங்கு இருந்தது. மோதல்களுக்குக் காரணங்கள் பல எனினும், நீண்ட வெளிநாட்டு நிறுத்தமும் கேள்விக்குள்ளானது. கப்பல் தொடர்ந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் நிறுத்தப்படக்கூடாது என்று 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

தாய்நாட்டிலிருந்து அனுப்பித் திரும்ப அழைக்கும் சுழற்சி முறை செலவு மிக்கது. ஒரு கப்பலைக் களத்தில் வைக்கப் பல கப்பல்கள் தேவைப்படும். ஆயினும் மாலுமிகளின் உயிரைக் கருதினால், யோகோசுகா முறையை இந்தப் பத்தாண்டு வரம்போடு மட்டுமே ஏற்கலாம் என்பது என் உறுதியான கருத்து.