பாட்டு கிளாஸா, கேள்வி ஞானமா?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கானமேளாவுக்கு, அதாவது மேடையில் சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு, பாட வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "சினிமாப் பாட்டுதானுங்கண்ணா பாடப் போறோம், சரளி வரிசை எதுக்கு?" சரளி வரிசை என்றால் கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடம். கூடவே எஸ்.பி.பி.யைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். முறைப்படி கர்நாடக சங்கீதம் படிக்காதவர், 1980இல் வந்த 'சங்கராபரண'த்துக்கே தேசிய விருது வாங்கினார். நான் யேசுதாஸைச் சொல்வேன். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியில் படித்தவர், சினிமாவில் பெயர் வந்த பிறகும் கர்நாடக சங்கீத வித்வான் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் போய் உட்கார்ந்தார். நம் பாலக்காட்டுச் சித்தூரில் பிறந்த பின்னணிப் பாடகி பி.லீலாவும் பாகவதர்களிடம் படித்தவர்தான். பெரியவர்களை வைத்து வழக்கு தீராது. மேடையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன மாசித் திருவிழாவில் எங்கள் குழுவில் இரண்டு பேர். தங்கச்சி எட்டு வருஷம் பாட்டு படித்தவள். தம்பி பால் சொசைட்டியில் வேலை. ரேடியோ கேட்டே பாட வந்தவன். இரண்டாவது பாட்டில் மானிட்டர், பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர், செத்துப்போனது. தம்பி பல்லவியிலேயே சுருதியில் அரைக் கட்டை இறங்கிவிட்டான். கீபோர்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தங்கச்சி ஒரு காதைப் பொத்திக்கொண்டாள், சட்ஜத்தை, அடிப்படை 'ஸ'வை, பிடித்தாள், கடைசிச் சரணம் வரை அசையவில்லை. எட்டு வருஷம் சுருதிப்பெட்டி முன்னால் உட்கார்ந்ததற்கு அதுதான் கூலி. புதுப் பாட்டையும் ஸ்வரம் எழுதி அரைமணி நேரத்தில் பிடித்துவிடுவாள். தம்பிக்கு ஒரு வாரம் வேண்டும்.

அதே ராத்திரி ஒரு தாலாட்டு. நேராக நிற்க வேண்டிய காந்தாரத்தை, 'க' ஸ்வரத்தை, தங்கச்சியால் அசைக்காமல் விட முடியவில்லை. கச்சேரிப் பழக்கத்தில் மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்துத் தொண்டையைத் திறந்து பாடினாள், குழந்தை எழுந்துவிடும்! அடுத்த தாலாட்டைத் தம்பி பாடினான். மைக்கை உதட்டோரம் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. முன்வரிசையில் கடலை உரித்துக்கொண்டிருந்த பாட்டிகளின் கை நின்றுவிட்டது.

இன்னொன்று, கட்டை, அதாவது பாடும் சுருதியின் உயரம். கச்சேரியில் பாடுகிறவர் தன் குரலுக்கு ஏற்ற கட்டையைத் தானே வைத்துக்கொள்ளலாம். சினிமாப் பாட்டில் இசையமைப்பாளர் வைத்ததுதான். கீழே மந்தர ஸ்தாயியில் முனக வேண்டும், மேலே கள்ளக்குரலிலும், இயல்புக் குரல் எட்டாத இடத்தில் மெலிதாக்கிப் பாடும் குரலில், தொட வேண்டியிருக்கும். கிளாஸில் கள்ளக்குரலில் பாடினால் திட்டுதான் விழும்.

பாட்டு கிளாஸ், மைக் பயிற்சி இரண்டில் ஒன்றுக்குத்தான் ஃபீஸ் கட்ட முடியும் என்றால் பாட்டு கிளாஸுக்கே கட்டுங்கள் என்பேன். ஆரம்பப் பாடங்களுக்குப் பிறகு வரும் வர்ணம், இரண்டு காலமும், அதாவது நிதானத்திலும் இரட்டை வேகத்திலும், வரும்வரை விடாதீர்கள். மைக் பிடிப்பதை இருபத்தைந்து வயதிலும் பழகலாம். சுருதி அந்த வயதில் படிவது பெரும்பாடு. ஆனால் வர்ணம் முடியட்டும் என்று மைக்கைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாம் வருஷத்திலிருந்தே வாரம் ஒரு பாட்டை கமகமே, அதாவது ஸ்வரத்தை அசைப்பதே, இல்லாமல் பாடி, போனில் பதிந்து கேளுங்கள். தங்கச்சி இப்போது அதைத்தான் செய்கிறாள். தம்பி ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி வேலை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வருகிறான். ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரட்டையாகப் பாடும் ஜண்டை வரிசை, இரண்டாம் காலம் இன்னும் உருளவில்லை.