செர்மோரெலின், டெசமோரெலின், சிஜேசி-1295, இபமோரெலின்: எதற்கு எவ்வளவு ஆதாரம்?

வளர்ச்சி ஹார்மோனை நேரடியாக ஊசியில் ஏற்றாமல், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி அதையே சுரக்க வைக்கும் பெப்டைடுகள் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள்) இப்போது ஜிம்களில் பெரிய பேச்சு. எது ஹார்மோனை அதிகம் ஏற்றும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்பதை வைத்துத்தான் இவற்றை ஒப்பிட வேண்டும்.

இவற்றில் இரண்டு வகை உண்டு. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கு அனுப்பும் ஜிஎச்ஆர்எச் ஹார்மோனைப் போலச் செய்தவை ஒரு வகை: செர்மோரெலின், டெசமோரெலின், சிஜேசி-1295. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் ஹார்மோன் செல்லில் ஒட்டும் இடமான ஏற்பியில் போய் வேலை செய்பவை இன்னொரு வகை: ஜிஎச்ஆர்பி-6, ஜிஎச்ஆர்பி-2, இபமோரெலின். இந்த இரண்டாம் வகையில் மருந்துதான் முதலில் வந்தது. அது போய் ஒட்டும் ஏற்பி 1996இல்தான் பிடிபட்டது. கிரெலினை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் கண்டுபிடித்தார்கள். கிரெலின் பசியைத் தூண்டும் ஹார்மோன். ஜிஎச்ஆர்பி-6 போட்டவர்களுக்கு அகோரப் பசி எடுப்பது அதனால்தான்.

செர்மோரெலின், 44 அமினோ அமிலங்கள் கொண்ட ஜிஎச்ஆர்எச்சின் முதல் 29 மட்டும். அந்த 29 இருந்தாலே முழு வேலையும் நடந்துவிடும். வளர்ச்சி ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ இதை 1997இல் அனுமதித்தது. பிறகு தயாரித்த நிறுவனமே விற்பனையை நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புக் குறையோ பலனின்மையோ காரணமில்லை என்று எஃப்டிஏ பின்னர் சொன்னது. இதன் பெரிய பலவீனம் ஆயுள். ரத்தத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பாதி காலி. டிபிபி-4 என்ற என்சைம் இதன் முனையிலுள்ள இரண்டு அமினோ அமிலங்களை வெட்டிவிடுகிறது, மீதி பயனற்றுப் போகிறது. சர்க்கரை நோயாளிகள் பலர் சாப்பிடும் சிடாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாத்திரைகள் தடுப்பது இதே என்சைமைத்தான்.

டெசமோரெலின் அந்த வெட்டுக்குப் பதில் சொல்கிறது. 44 அமினோ அமிலங்களும் இருக்கின்றன. முனையில் ஒரு சிறு கொழுப்பு அமிலத்தை ஒட்டி என்சைமின் வாய்க்கு எட்டாமல் செய்திருக்கிறார்கள். கனடாவின் தெராடெக்னாலஜீஸ் உருவாக்கிய இதற்கு 2010இல் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. ஆனால் எச்ஐவி நோயாளிகளுக்கு வயிற்றினுள் சேரும் அதீதக் கொழுப்பைக் குறைக்க மட்டும். 26 வாரம் தினசரி ஊசி போட்டதில் அந்தக் கொழுப்பு சுமார் 15 சதவீதம் குறைந்தது. நிறுத்தினால் திரும்ப வந்துவிட்டது. எடை குறைக்கும் மருந்து அல்ல என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. இந்த வரிசையில் ஆதாரம் கெட்டியாக உள்ளது இது ஒன்றுக்குத்தான், அதுவும் இவ்வளவு குறுகலான தேவைக்கு.

சிஜேசி-1295 எனக்குப் பிடிக்காத சரக்கு. ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்ததால் இதன் அரை ஆயுள் 6 முதல் 8 நாள். வளர்ச்சி ஹார்மோன் இயல்பாக விட்டுவிட்டுச் சுரக்கும். நடுவில் மட்டம் நன்றாக இறங்கிவிடும். சிஜேசி போட்டால் ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஆனால் அந்த அடிமட்டம் பல மடங்கு உயர்ந்து நிற்கிறது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்ப எடுக்கவும் வழியில்லை. 2006இல் ஒரு பங்கேற்பாளர் இறந்ததும் மனிதச் சோதனை நிறுத்தப்பட்டது; மரணத்துக்கு மருந்து காரணமில்லை என்பது அவரைப் பார்த்த மருத்துவரின் கருத்து. போதாக்குறைக்கு, ஆல்புமினில் ஒட்டாத, அரை மணியில் அடங்கிவிடும் வேறொரு பெப்டைடையும் சந்தையில் இதே பெயரில் விற்கிறார்கள். வாங்குபவருக்குத் தன் கையில் இருப்பது நிமிடக் கணக்கா நாள் கணக்கா என்றே தெரியாது.

இபமோரெலின் காகிதத்தில் அழகானது. நோவோ நார்டிஸ்க் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்டது. ஜிஎச்ஆர்பி-6, ஜிஎச்ஆர்பி-2 இரண்டும் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலையும் சேர்த்துக் கிளப்பும், இது கிளப்பவில்லை. 'பக்கவிளைவே இல்லை' என்ற பேச்சுக்கு வேர் அங்கேதான். சரி, அந்தச் சோதனை யாரிடம் நடந்தது? பன்றிகளிடம். மனிதர்களில் நடந்த முக்கியச் சோதனை, குடல் அறுவைக்குப் பின் குடலை இயங்க வைக்குமா என்று பார்த்தது. 2014இல் வந்த முடிவில் போலி மருந்தைவிட இது குறிப்பிடும்படி மேலாக இல்லை.

இரண்டு வகையையும் சேர்த்துப் போட்டால் ஹார்மோன் எகிறும் என்பது உண்மைதான். ஆனால் ஹார்மோன் எகிறுவதும் உடம்பு தேறுவதும் ஒன்றல்ல. அதற்கு எம்கே-677 நல்ல சாட்சி. அது பெப்டைடு அல்ல, மெர்க் நிறுவனத்தின் மாத்திரை. கிரெலின் ஏற்பியில்தான் வேலை செய்கிறது. 60 முதல் 81 வயதுள்ள 65 பேரிடம் 2 ஆண்டு ஆய்வு நடந்தது. கொழுப்பில்லா எடை ஓராண்டில் ஒரு கிலோ அளவு கூடியது, வலிமை கூடவில்லை, சர்க்கரை ஏறியது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம் நடந்த இன்னொரு சோதனையை இதயச் செயலிழப்பு பயத்தால் பாதியில் நிறுத்தினார்கள்.

அப்புறம் குப்பி. ரப்பர் மூடி, அடியில் வெள்ளைப் பொடி, 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற ஒரு வரி. அந்த வரி விற்பவரைக் காப்பாற்றுகிறது, போட்டுக்கொள்பவரை அல்ல. இபமோரெலின், சிஜேசி இரண்டையும் பாதுகாப்புக் கவலையுள்ள பொருள்களின் பட்டியலில் எஃப்டிஏ 2023இல் வைத்ததற்குச் சொன்ன காரணங்களில் பெப்டைடு மாசும், உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் எதிர்த்துக் கிளம்பும் ஆபத்தும் இருந்தன. விளையாட்டு வீரர்களுக்கு மேலே சொன்ன வளர்ச்சி ஹார்மோன் தூண்டிகள் அத்தனையும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா (WADA) தடைசெய்தவை, போட்டி இல்லாத நாளிலும்.

உண்மையிலேயே குறைபாடு இருந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள்; அதற்கு வளர்ச்சி ஹார்மோனே முறையான மருந்தாக இருக்கிறது. ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் கூடினால் ரத்தத்தில் கூடும் இன்னொரு ஹார்மோன்), வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். விரல்கள் மரத்துப்போனாலோ கால் வீங்கினாலோ நிறுத்துங்கள். புற்றுநோய் இருப்பவர்களும் வந்து போனவர்களும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.